மாவுச் சட்டிக்குப் பக்கத்தில் ஒரு குப்பித் தூக்கம்

போன சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அண்ணன் மகன் என் வீட்டு பிரிட்ஜைத் திறந்து, இட்லி மாவுச் சட்டிக்கும் கறிவேப்பிலைக் கட்டுக்கும் நடுவில் ஒரு சின்ன அட்டைப் பெட்டியைச் செருகினான்.

"அத்தை, கொஞ்ச நாளைக்கு இது இங்கயே இருக்கட்டுங்க. வீட்ல வெச்சா அம்மா ஆயிரம் கேள்வி கேப்பாங்க."

"ஏன், நான் கேக்க மாட்டனா?"

"நீங்க கெமிஸ்ட்ரி டீச்சர். உங்களுக்குப் புரியும்."

ஐஸ் வைக்கிறான் என்று தெரிந்தே விழுந்தேன். பெட்டியைப் பிரித்துப் பார்த்தால் கட்டைவிரல் உயரத்தில் இரண்டு கண்ணாடிக் குப்பிகள். ரப்பர் மூடி, அதன் மேல் அலுமினியப் பட்டை. அடியில் வெள்ளையாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. நம்மூர் போர்த் தண்ணீர் வற்றிய பாத்திரத்தில் உப்பு படிந்திருக்குமே, அந்த மாதிரி. லேபிளில் டி.எஸ்.ஐ.பி. என்று நாலு எழுத்து, 5 மில்லிகிராம் என்று அளவு. அதற்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி: ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதர்களுக்குப் பயன்படுத்தக் கூடாது.

"டெல்டா ஸ்லீப் இன்டியூசிங் பெப்டைடுங்க அத்தை. ஆழ்ந்த தூக்கத்தைக் கொண்டு வர்றது. நம்ம உடம்புலயே இருக்கற சரக்குதான். உங்களுக்கும் தூக்கமே வர்றதில்லைன்னு சொன்னீங்கல்ல, வேணும்னா நீங்களும்…"

பெப்டைடு என்றால் அமினோ அமிலங்கள் சில கோத்த சின்னச் சங்கிலி, புரதத்தின் குட்டித் தம்பி. அவன் ஒரு அமெரிக்கக் கம்பெனிக்காக வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவன். இரவு ஏழுக்கு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தால் விடியற்காலை நாலுக்குத்தான் எழுவான். அப்புறம் ஜிம். அப்புறம், சேலத்து வெயில் ஜன்னலைத் தட்டுகிற நேரத்தில் தூங்க முயற்சி. ஜிம் நண்பன் ஒருவன் சொல்லி இணையத்தில் வரவழைத்திருக்கிறான். விலையைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

எனக்கு வயது ஐம்பத்திரண்டு. மாதவிடாய் நின்றும் நிற்காமலும் இருக்கிற காலம். இரவு இரண்டே முக்காலுக்கு, யாரோ தோளைத் தொட்டு எழுப்பின மாதிரி விழிப்பு வந்துவிடும். பின்கழுத்தில் வேர்வை. ஃபேனை ஐந்தில் வைப்பேன், போர்வையை உதறுவேன், பதினைந்து நிமிடத்தில் குளிர்ந்து மறுபடி போர்த்துவேன். நாலு மணிக்குப் பால்காரர் வண்டிச் சத்தம் கேட்கும்போது, போச்சு, இன்றைக்கும் போச்சு என்று மனசு கணக்கை முடித்துவிடும். எட்டு மாதமாக இதே கதை. அதனால், ஒத்துக்கொள்கிறேன், அந்தக் குப்பியைக் கையில் வைத்திருந்தபோது ஒரு சபலம் தட்டியது.

சபலம் வந்தால் எனக்குப் படிக்கிற பழக்கம். அன்றைக்கு இரவு எப்படியும் தூங்கப் போவதில்லை. படித்தேன்.

தூக்கம் ஒரு பொருளாக உடம்பில் ஊறுகிறது, விழித்திருக்க விழித்திருக்க அது தேங்குகிறது, அதைப் பிடித்துவிட்டால் தூக்கத்தையே பாட்டிலில் அடைக்கலாம். இந்த ஆசைக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. 1909இல் ஜப்பானின் நகோயாவில் இஷிமோரி என்பவரும், கொஞ்சம் பின்னால் பாரிஸில் லெஜாந்த்ர், பியெரோன் என்ற இருவரும், ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாமல் ஒரே காரியத்தைச் செய்தார்கள். நாய்களை நாட்கணக்கில் தூங்கவிடாமல் வைத்தார்கள். பிறகு அவற்றின் மூளையிலிருந்தோ, மூளையைச் சூழ்ந்த திரவத்திலிருந்தோ எடுத்ததை, நன்றாகத் தூங்கி எழுந்த வேறு நாய்களுக்குச் செலுத்தினார்கள். இந்த நாய்கள் சொக்கி விழுந்தன. அந்த நாய்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது. இருந்தாலும் சோதனையின் யோசனை அழகானது: ஒருவர் விழித்திருந்த களைப்பை இன்னொருவருக்கு ஊற்றிக் கொடுப்பது.

1960களில் அமெரிக்காவில் பாப்பன்ஹைமர் ஆடுகளை வைத்து அதே வழியில் போனார். தூங்காத ஆடுகளின் திரவத்தில் ஏதோ இருந்தது. அதைத் துரத்திப் போய், பிறகு மனிதச் சிறுநீரை லிட்டர் லிட்டராகச் சேர்த்துப் படிப்படியாகப் பிரித்தெடுத்து, 1982இல் அது முராமில் பெப்டைடு என்று அவருடைய குழு கண்டுபிடித்தது. வேடிக்கை என்னவென்றால் அது பாக்டீரியாவின் சுவரில் இருக்கிற பொருள். தூக்கத்தைத் தேடிப் போனவர்கள் கிருமியின் வீட்டு மதிற்சுவரில் போய் முட்டிக்கொண்டார்கள். காய்ச்சலில் கண் சொக்குவதைப் புரிந்துகொள்ள அது உதவியது, அது வேறு கதை.

நம் குப்பியின் கதை சுவிட்சர்லாந்தின் பேசல் நகரத்தில், முயல்களிடம் நடந்தது. மோனியே என்ற உடலியங்கியலாளர் முயலின் மூளை நடுவே தலாமஸ் என்ற பகுதியில் மெதுவான மின் துடிப்பு கொடுத்துத் தூங்க வைத்தார். அப்படித் தூங்குகிற முயலின் மூளையிலிருந்து வடிகிற ரத்தத்தைச் சவ்வு வழியாக வடிகட்டி, வடிந்ததை விழித்திருக்கும் முயலின் மூளைக்குள் செலுத்தினால், அதன் மூளை அலைகளும் மெதுவாகி உயர்ந்து எழுந்தன. இதற்குத்தான் டெல்டா அலை என்று பெயர். நொடிக்கு அரை முதல் நாலு வரை எழுந்து விழும் பெரிய, சோம்பேறி அலைகள். மூன்றாம் நிலை ஆழ்ந்த தூக்கத்தின் அடையாளமே இதுதான். வளர்ச்சி ஹார்மோன் அதிகமாகச் சுரப்பதும் அந்த நேரத்தில்தான். வயதாக ஆக இந்த அலைகள்தான் முதலில் சுருங்கிப் போகின்றன.

ஷோனன்பெர்கரும் மோனியேவும் 1977இல் அந்தப் பொருளின் கட்டமைப்பை வெளியிட்டார்கள். ஒன்பது அமினோ அமிலங்கள்: டிரிப்டோஃபேன், அலனின், கிளைசின், கிளைசின், அஸ்பார்டிக் அமிலம், அலனின், செரின், கிளைசின், குளுடாமிக் அமிலம். மூலக்கூறு எடை 849. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை பரீட்சையில் எழுதிவிடக்கூடிய சின்ன சங்கிலி. இந்த இடத்தில் எனக்கு மயிர்க்கூச்சே எடுத்தது. இத்தனை சின்ன மணிமாலைக்குள் தூக்கமா!

அப்புறம்தான் படிக்கப் படிக்கச் சப்பென்று ஆனது.

உடம்பில் ஒரு பெப்டைடு உண்மையாகவே குடியிருக்கிறது என்றால் அதற்கு ரேஷன் கார்டு மாதிரி சில அத்தாட்சிகள் வேண்டும். அதைச் செய்யச் சொல்லும் மரபணு எங்கே? அது எந்தப் பெரிய புரதத்திலிருந்து வெட்டி எடுக்கப்படுகிறது? அது போய் உட்காருகிற ஏற்பி எது? 2006இல் கோவல்சோன், ஸ்ட்ரெகலோவா என்ற இருவர் முப்பது வருட வேலையைத் திரும்பிப் பார்த்து எழுதிய கட்டுரையில் இந்த மூன்று கேள்விக்கும் கண்டுபிடிக்கவில்லை என்பதுதான் பதில். தலைப்பிலேயே இன்னும் விடுபடாத புதிர் என்று போட்டுவிட்டார்கள். இது தூக்கத்தைக் கொண்டு வரும் பொருள் என்பதற்கே ஆதாரம் வலுவில்லை என்றும் எழுதியிருக்கிறார்கள். விலங்குச் சோதனைகளில் ஒருவருக்குத் தூக்கம் கூடியது, இன்னொருவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அளவைக் கூட்டினால் பலன் கூடாமல் குறைந்ததும் உண்டு. தூக்கத்தை விட்டுவிட்டு மன அழுத்தம், வலி, ஹார்மோன், குடிப்பழக்கத்தை நிறுத்தும்போது வரும் நடுக்கம் என்று எல்லா வாசலிலும் அதைக் கொண்டு போய் நிறுத்திப் பார்த்தார்கள்.

தாய்ப்பாலில் அது இருக்கிறது என்று 1984இல் ஓர் ஆய்வு வந்தது. படித்ததும் பால் குடித்தபடியே தூங்கிப் போகும் குழந்தை முகம் கண்ணில் வந்தது, எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது பாருங்கள் என்று தோன்றியது. ஆனால் அந்த ஆய்வு கவனமாகத்தான் பேசியது: அதைப் போன்ற பொருள். அதாவது, அந்தப் பெப்டைடுக்கென்று செய்த எதிர்ப்பொருள் பாலிலுள்ள எதையோ பிடித்துக்கொண்டது. சாயல் ஒத்துப்போனது, ஆள் யாரென்று தெரியாது. அண்ணன் மகன் சொன்ன "நம்ம உடம்புலயே இருக்கற சரக்கு" என்பதற்குப் பின்னால் இருப்பது இந்த மாதிரி சாயல்கள்தான்.

மனிதர்களிடமும் பார்த்தார்கள். 1980களில் தூக்கமில்லாத சிலருக்கு நரம்பில் ஏற்றியதில் நல்ல பலன் என்று சின்னச் சின்ன ஆய்வுகள் வந்தன. 1992இல் நீண்டகாலத் தூக்கமின்மை உள்ள 16 பேரிடம், யாருக்கு மருந்து யாருக்கு வெறும் திரவம் என்று கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் தெரியாமல் செய்தபோது, கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்தது. அந்தக் கொஞ்சமும் தற்செயலாக இருக்கலாம், பெரிய சிகிச்சைப் பலன் எதிர்பார்க்க வேண்டாம் என்று முடித்துக்கொண்டார்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதைத் தூக்க மருந்தாக இதுவரை அங்கீகரிக்கவில்லை.

எங்கள் தெருவில் ஒருவர் பிறந்த பிள்ளைக்கே கலெக்டர் என்று பெயர் வைத்தார். அந்தப் பையன் இப்போது வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கிறான், நல்ல வேலைக்காரன். யாரும் அவனிடம் பட்டா மாறுதலுக்கு மனு கொடுப்பதில்லை. இந்தப் பெப்டைடு விஷயத்தில் நடந்தது அந்தக் கூத்துதான். முயல் மூளையில் ஒரு வேலையைச் செய்தது என்பதற்காக அந்த வேலையையே பெயராக வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு ஆதாரம் நகர்ந்து போயிற்று, பெயர் நகரவில்லை. பேர் வெச்சாங்களே, சோறு வெச்சாங்களா என்று எங்கள் பாட்டி கேட்பாள். 849 எடையுள்ள பேசல் பெப்டைடு என்று வைத்திருந்தால் எங்கள் சேலத்துக் கொண்டலாம்பட்டி ஜிம்மில் யார் அதைத் திரும்பிப் பார்ப்பார்கள்?

கொண்டலாம்பட்டி என்றதும் தறி ஞாபகம் வராமல் போகாது. நான் பிறந்து வளர்ந்த வீட்டில் வாசலுக்கும் சமையலறைக்கும் நடுவில் தறிக்கூடம். எட்டு விசைத்தறி. ராத்திரி பகல் இரண்டு ஷிப்ட்டும் ஓடும். சொந்தக்காரர்கள் ராத்தங்க வந்தால் காதில் துணி வைத்துக்கொண்டு புரளுவார்கள். எங்களுக்கு அந்தச் சத்தம் போர்வை மாதிரி. கரண்ட் போய் எட்டுத் தறியும் நிற்கும் பாருங்கள், அந்த நொடியில் வீட்டில் அத்தனை பேரும் எழுந்து உட்கார்ந்துவிடுவோம்.

அப்பா தறிக்கூடத்திலேயே, தார்ப் பெட்டிக்குப் பக்கத்தில் பாயை விரித்துப் படுப்பார். குறட்டை விடுவார். ஆனால் ஆறாவது தறியில் பாவு இழை நாலு சேர்ந்து அறுந்தால், அல்லது குறுக்கு நூலைச் சுமந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுகிற நாடா சரியாக வந்து சேராமல் அடித்தால், எட்டுத் தறி இரைச்சலுக்கு நடுவில் அது மட்டும் அவருக்குக் கேட்கும். கண்ணைத் திறப்பதற்கு முன்பே "ஆறாம் நெம்பர்" என்பார். ஓட்டுகிற ஆள் திரும்பிப் பார்த்தால் ஆறாம் நெம்பராகத்தான் இருக்கும். இதை அப்போது ஒரு வித்தை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். 1960இல் ஆஸ்வால்ட் என்பவர் தூங்குகிறவர்களின் காதில் பல பெயர்களை ஓடவிட்டுப் பார்த்திருக்கிறார். அவரவர் சொந்தப் பெயர் வரும்போது மற்றப் பெயர்களை விட அதிகமாக மூளை அலை எகிறியிருக்கிறது. தூங்குகிற மூளையில் ஒரு காவலாளி விழித்தே இருக்கிறான், எதற்கு எழுப்ப வேண்டும் எதற்கு வேண்டாம் என்று அவனுக்குத் தெரியும். அப்பாவுக்கு அவர் பெயர் ஆறாம் நெம்பர், அவ்வளவுதான்.

ஒரு சில்லறைக் கணக்கு. சாதாரண விசைத்தறி நிமிடத்துக்கு நூற்றுச் சொச்சம் தடவை நாடாவை அடிக்கும். 120 என்று வைத்தால் நொடிக்கு இரண்டு. டெல்டா அலையின் வேகத்துக்குள் வருகிறது! இதைக் கண்டுபிடித்த இரவு இரண்டே முக்காலுக்கு எழுந்து உட்கார்ந்து எனக்கு நானே கை தட்டினேன். காலையில் பல் துலக்கும்போது உறைத்தது, எட்டுத் தறியும் எட்டு தாளத்தில் அடித்துக்கொண்டிருக்கும், இதில் எந்த இரண்டு. இப்படித்தான் பெயர் வைக்கத் தோன்றுகிறது போலிருக்கிறது மனுஷனுக்கு.

தறிகளை அண்ணன் விற்று ஆறு வருடம் ஆகிறது. இரும்பு விலைக்குத்தான் போயின. நான் இப்போது இருக்கிற வீடு அஸ்தம்பட்டிப் பக்கம், அமைதியான தெரு. என் தூக்கம் போனதற்கு அந்த அமைதிதான் காரணம் என்று கொஞ்ச நாள் நம்பிக்கொண்டிருந்தேன். கைபேசியில் தறிச் சத்தத்தைப் பதிவு செய்து ஓடவிட்டும் பார்த்தேன். வீட்டுக்காரர் அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

"மலைக்குப் போய் ரெண்டு நாள் இருந்துட்டு வா, எல்லாம் சரியாப் போகும்" என்றாள் கூட வேலை பார்க்கும் டீச்சர். அவளுடைய மாமனாருக்கு ஏற்காட்டில் நாகலூர் போகிற வழியில் நாலு ஏக்கர் காப்பித் தோட்டமும் ஓட்டு வீடும் இருக்கின்றன. பரீட்சைப் பேப்பர் திருத்தி முடித்த கையோடு போனேன். இருபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் நம்பர் போட்டிருக்கும், பதினான்கு வந்ததும் பஸ்ஸில் யாராவது ஒரு குழந்தை வாந்தி எடுக்கும். மேலே போனால் அடிவாரத்து அனல் சட்டென்று அறுந்து விழுந்த மாதிரி ஒரு குளிர்ச்சி. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருந்தது. காப்பியைப் பூக்க வைக்கிற கோடை மழை, பூ மழை என்பார்கள், அது பெய்து பத்து நாள்தான் ஆகியிருந்ததால் காப்பிச் செடிகளில் வெள்ளைப் பூ கருகி உதிர்ந்துகொண்டிருந்தது, மல்லிகையைச் சட்டியில் வாட்டின மாதிரி ஒரு வாசம்.

அந்தப் பெரியவர் இரவு ஏழரைக்கு, தோட்டத்துக் கொட்டையையே வறுத்து அரைத்த காப்பியை ஒரு பெரிய எவர்சில்வர் டம்ளரில் கொடுத்தார். "குளிருக்கு இதமா இருக்கும், குடிங்கம்மா." குடித்தேன். இன்னொன்று கொடுத்தார். அதையும் குடித்தேன். எட்டரைக்குப் படுத்தேன். தறி இல்லை, பஸ் இல்லை, வேர்வை இல்லை. இரவு முழுக்க ஒரு பொட்டுத் தூக்கம் இல்லை. ஓட்டின் மேல் பலாச் சருகு விழுகிற சத்தம் ஒவ்வொன்றையும் எண்ணினேன். மூன்று மணிவாக்கில் வேலியோரம் காட்டெருமை ஒன்று மூச்சு விடுகிறது என்று பெரியவர் அடுத்த அறையிலிருந்து இருமிவிட்டுச் சொன்னார். அவரும் தூங்கவில்லை போல.

இதற்கு இரண்டு காரணம் இருக்கிறது, இரண்டும் நான் பிற்பாடு தெரிந்துகொண்டது. ஒன்று, புது இடத்தில் முதல் இரவு. 2016இல் அமெரிக்காவில் பிரவுன் பல்கலைக்கழகத்தில் மசாக்கோ தமாக்கி, யூகா சசாக்கி குழுவினர் அளந்து பார்த்தார்கள். புது இடத்தில் முதல் நாள் தூங்குகிறவரின் ஆழ்ந்த தூக்கத்தில் மூளையின் இடது பாதியில் டெல்டா அலைகள் வலது பாதியை விடக் குறைவாக இருந்தன. சின்னச் சத்தத்துக்கும் அந்தப் பாதி விழித்துக்கொண்டது. பாதி மூளை தூங்க, பாதி மூளை திண்ணையில் கம்பு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. மறுநாள் இரவு அது உள்ளே வந்து படுத்துக்கொள்கிறது.

இரண்டாவது காரணம் அந்த எவர்சில்வர் டம்ளர்.

நூறு வருடமாக எல்லோரும் தேடினார்களே தூக்கப் பொருள், அதற்கு இன்றைக்கு மிக நெருங்கி வருகிற ஆள் அடினோசின். பெயரில் தூக்கமும் இல்லை, துடிப்பும் இல்லை. உடம்பின் எந்த வேலைக்கும் எரிபொருள் ஏடிபி. அது எரிய எரிய மிஞ்சுகிற சாம்பல் மாதிரிதான் இந்த அடினோசின். அடுப்பு எவ்வளவு நேரம் எரிந்தது என்று சாம்பலைப் பார்த்தே சொல்லலாம் இல்லையா? பூனைகளை விழிக்க வைத்து 1997இல் ஒரு குழு அளந்தபோது, விழித்திருக்கும் நேரம் நீள நீள முன்மூளையின் அடிப்பகுதியில் இது ஏறிக்கொண்டே போனது, தூங்கியதும் இறங்கியது. காப்பியிலுள்ள காஃபீன் முக்கியமாகச் செய்வது இதுதான்: அடினோசின் உட்காருகிற நாற்காலியில் முன்கூட்டியே போய்த் துண்டு போட்டுவிடுகிறது. சாம்பல் குவிந்துகொண்டே இருக்கும், மூளைக்குத் தெரியாது. குடித்ததில் பாதி உடம்பை விட்டுப் போகவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். ஏழரைக்கு இரண்டு டம்ளர் என்றால் பன்னிரண்டரைக்கு ஒரு டம்ளர் எனக்குள் இருந்திருக்கிறது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன்தான் இந்த மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார் என்பார்கள். இருநூறு வருடம் கழித்து நிஜ கலெக்டர் ஒருவர் என் ஒரு ராத்திரியைக் கெடுத்தார் என்று வைத்துக்கொள்ளலாம்.

கீழே வந்ததும் ஒரு மருத்துவரைப் பார்த்தேன். மாத்திரைச் சீட்டை நீட்டுவார் என்று பர்ஸைத் திறந்து வைத்திருந்தேன். ஒரு நோட்டு வாங்கச் சொன்னார். எத்தனை மணிக்குப் படுக்கிறேன், எப்போது தூங்குகிறேன், எப்போது எழுகிறேன், இரண்டு வாரத்துக்கு எழுது என்றார். எழுதினேன். படுக்கையில் இருப்பது ஒன்பதரையிலிருந்து ஆறு வரை, எட்டரை மணி நேரம். தூங்குவது ஐந்து, ஐந்தரை. நோட்டைப் பார்த்துவிட்டு, "சரி. இனிமே ராத்திரி பன்னெண்டுக்கு முன்னாடி கட்டில் பக்கம் போகாதீங்க. அஞ்சரைக்கு எழுந்துடுங்க. பகல்ல கண் மூடாதீங்க" என்றார்.

தூக்கம் இல்லை என்று போனவளிடம் தூங்காதே என்கிறாரே என்று எனக்குக் கோபம்தான் வந்தது. இது 1980களில் ஸ்பீல்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் வகுத்த முறை. தூக்கமின்மைக்கு முதலில் பார்க்க வேண்டியது இது போன்ற பழக்க மாற்றச் சிகிச்சைதான், மாத்திரை அப்புறம் என்று 2016இல் அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரியும் சொல்லியிருக்கிறது. கணக்கு எளிது. படுக்கையில் புரளுகிற நேரத்தை வெட்டிவிட்டால் சாம்பல் முழுசாகக் குவியும். குவிந்த இரவில் டெல்டா அலைகள் தானாக உயரும். (வண்டி ஓட்டுகிறவர்கள், வலிப்பு உள்ளவர்கள், மனநிலை சட்டென்று ஏறி இறங்குகிறவர்கள் இதை மருத்துவரைக் கேட்காமல் செய்யக் கூடாது. எனக்கும் முதல் வாரம் ஸ்கூட்டர் எடுக்க வேண்டாம் என்றார்.)

முதல் பத்து நாள் நரகம். இரவு பத்தரைக்குக் கண் எரியும். இஸ்திரி போட்டேன். பீரோவிலிருந்த கல்யாணப் புடவையெல்லாம் எடுத்து மடிப்பு மாற்றினேன். பதினொன்றரைக்கு, சாயந்திரம் வாங்கி வைத்த தட்டுவடை செட் பொட்டலத்தைப் பிரித்து, பீட்ரூட் கேரட் துருவலோடு நமுத்துப்போன வடையை நின்றபடியே தின்றேன். மாலை நாலு மணிக்கு மேல் காப்பி கிடையாது. பன்னிரண்டு மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கையில் கட்டிலைப் பார்ப்பேன், பந்தியில் இலை போட்டும் சாதம் வராதவள் மாதிரி. பதினேழாம் நாள் இரண்டே முக்கால் எனக்குத் தெரியாமல் கடந்துபோனது. அலாரம்தான் எழுப்பியது. பிறகு வாரம் பதினைந்து நிமிடமாகப் படுக்கும் நேரத்தை முன்னால் தள்ளினார். இப்போது பத்தே முக்காலில் நிற்கிறது. வேர்வை இன்னும் வருகிறது. சில இரவுகள் இன்னும் போகின்றன.

இதற்கிடையில் அண்ணன் மகன் ஒரு குப்பியை எடுத்துப்போய் ஒரு வாரம் ஊசி போட்டுப் பார்த்துவிட்டான். எனக்குத் தெரிந்திருந்தால் விட்டிருக்க மாட்டேன். மருந்து என்ன என்பது அப்புறம், அது எங்கே, எந்தச் சுத்தத்தில் பொடியாகியது என்று யாருக்குத் தெரியும்? வீட்டு மேஜையில் வைத்துத் தண்ணீர் கலந்து தோலுக்கடியில் ஏற்றுவதென்றால் பயமாக இல்லையா என்று திட்டினேன்.

"எப்படி இருந்துச்சு?" என்றும் கேட்டேன். கேட்காமல் இருக்க முடியுமா.

"மொத ரெண்டு நாள் செமயா தூங்கினேங்க அத்தை. அப்புறம்… தெரியல."

"நோட்ல எழுதினியா?"

"இல்லீங்க."

1992இல் அந்தப் பதினாறு பேரிடம் நடந்ததும் கிட்டத்தட்ட இதுதான் என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். ரத்தத்தில் உள்ள நொதிகள் இந்தச் சங்கிலியை அந்த டிரிப்டோஃபேன் முனையிலிருந்து கடித்துக் கடித்துப் பிரித்துவிடும், சோதனைக் குழாயிலேயே கால் மணி நேரம் போனால் பாதிதான் மிஞ்சும் என்று மட்டும் சொன்னேன். தலையைச் சொறிந்துகொண்டான்.

"அப்ப இன்னொரு குப்பிய என்னங்க பண்றது?"

பள்ளிக்கூடம் விடுமுறை. ஆய்வகச் சாவி என்னிடம் இருந்தது. மறுநாள் அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். ஜன்னலைத் திறந்ததும் பூட்டிக் கிடந்த அமில வாடையும் புறா எச்ச வாடையும் சேர்ந்து வந்தன. குப்பியின் அலுமினியப் பட்டையைக் குறடால் நெம்பி, ரப்பர் மூடியைப் பிடுங்கினேன். ஒரு மில்லி வாலைவடிநீர் விட்டு ஆட்டினேன். வெள்ளைப் படிவம் மாயமாகக் கரைந்தது. சோதனைக் குழாயில் ஊற்றி, சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் ஒரு மில்லி, பிறகு மயில்துத்தக் கரைசல் இரண்டு சொட்டு. பக்கத்திலேயே இன்னொரு குழாயில், வழியில் வாங்கிய முட்டையின் வெள்ளைக்கருவைத் தண்ணீரில் அடித்து, அதற்கும் அதே இரண்டு சொட்டு. பையூரெட் சோதனை. பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறை.

முட்டைக் குழாய் நல்ல ஊதாவாக மாறியது. குப்பிக் குழாய் கொஞ்ச நேரம் நீலமாகவே நின்றது. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஆட்டியபோது, மெல்ல, கத்தரிப்பூ மாதிரி ஒரு இளம் ஊதா வந்தது.

"வந்துடுச்சுங்க அத்தை! அப்ப இது அதுதானே?"

"பெப்டைடு பிணைப்பு இருக்குது. அவ்வளவுதான் இது சொல்லும். எந்தப் பெப்டைடுன்னு சொல்லாது."

அவன் இரண்டு குழாயையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான். விலையைக் கேட்டேன். சொன்னான். முட்டை ஆறரை ரூபாய்.